அழுத்தாமல்

காசிமேட்டில் கரையேற்றிய இரும்புப் படகுகளுக்குத்
துரு தேய்ப்பவன் நான்.
கம்பி பிரஷ், சுரண்டி, கிரைண்டர்.
சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் செங்கல் நிறம்.
கையில் பலம் இருந்தால்தான் இதில் கூலி.

அதே கையால்தான்
முப்பது வருஷமாகப் பல்லும் தேய்த்தேன்.
பிரஷ் வாங்கிய பதினைந்தாம் நாள்
முள்ளெல்லாம் மிதிபட்ட புல்லாய்ச் சாய்ந்துவிடும்.
"இன்னா, வாயில கப்பல் எதுனா நிறுத்தி வெச்சிக்கீறியா?"
என்பாள் சுகிர்தா,
இடுப்பில் குடத்தோடு குழாய்க்குக் காத்துக்கொண்டு.
துப்பினால் தண்ணீரில் ரத்தம் ஓடும்.
அதைச் சுத்தத்தின் நிறம் என்றே நினைத்திருந்தேன்.

பிராட்வே பல் ஆஸ்பத்திரியில்
ஷிஃபானா என்று பேர் தைத்த வெள்ளைக் கோட்டுப் பெண்
ஊசி போலொரு அளவுகோலை ஈறுக்குள் இறக்கி
எண் சொல்லச் சொல்ல
இன்னொருத்தி எழுதிக்கொண்டாள்.
நாலு. அஞ்சு. அஞ்சு. ஆறு.
துறைமுகத்தில் கயிறு விட்டு ஆழம் பார்ப்பார்களே, அதுபோல.
ஆறு நல்ல எண் இல்லை என்று
அவள் புருவத்தில் தெரிந்தது.

"என்ன வேலைண்ணா பாக்குறீங்க?"
சொன்னேன்.
என் கட்டைவிரலைப் பிடித்து
நகத்தின் மேல் பிரஷை வைத்து அழுத்தினாள்.
"நகம் வெளுத்தா ஜாஸ்தி. அதுக்கு முன்னாடியே நிறுத்திடணும்."
என் நகத்தில் துரு ஏறியிருந்தது.
வெளுத்ததா இல்லையா, இருவருக்கும் தெரியவில்லை.
"கை சொன்னா கேக்காதுன்னா
கரண்ட் பிரஷ் ஒண்ணு வாங்கிடுங்க."

பர்மா பஜாரில் இரண்டாயிரம் சொன்னான்.
ஆயிரத்து நூறுக்குப் படிந்தது.
பெட்டி முழுக்கப் படிக்க முடியாத எழுத்து.
ஒரு வெளிநாட்டுக் குழந்தை சிரித்தது,
எல்லாப் பல்லும் முளைக்காத குழந்தை.

முதல் காலை
வாய்க்குள் வைக்குமுன் பொத்தானை அமுக்கிவிட்டேன்.
பேஸ்ட் தெறித்தது
கண்ணாடியில், சட்டையில்,
தேசப்பன் வீட்டுக் கோழி மேல்.
"இன்னாபா, பல்லு தேய்க்க ஆள் வெச்சிக்கினியா?"
கோழியைத் துடைத்தபடி சிரித்தான் தேசப்பன்.

வாயை மூடிக்கொண்டேன்.
மண்டைக்குள் ஒரு டீசல் எஞ்சின்.
பழக்கத்தில் அழுத்தினேன்,
பிரஷின் கழுத்தில் சிவப்பு எரிந்தது.
மறுபடி அழுத்தினேன். சிவப்பு.
இன்னும் அழுத்த
முனகிக்கொண்டு நின்றே போனது.

கிரைண்டரை எவனாவது தகட்டில் சாய்த்து அழுத்தினால்
யார்டு முழுக்கக் கேட்கக் கத்துவேன்:
"தொட்டா போதும்டா, சக்கரம் சிதறிடும்,
அது வேலைய அது பாக்கும்!"
எத்தனை படகுக்கு இதைக் கத்தியிருப்பேன்.
எட்டு மில்லி தகட்டுக்கு இவ்வளவு பார்த்தவன்
ஈறுக்குப் பார்க்கவில்லை.

அரை நிமிஷத்துக்கு ஒருமுறை அது விக்குகிறது,
இடம் மாறு என்று.
மேல் வரிசை முடிந்து கீழ் வரிசை.
இரண்டு நிமிஷம் என்பது இவ்வளவு நீளமா!
எண்ணூர் நெடுஞ்சாலையில் நகராத கன்டெய்னர் லாரியின்
பின்கதவில் எழுதியதெல்லாம் படித்துவிடலாம்.
கையை வைத்துக்கொண்டு சும்மா நிற்பது
என் கை அறியாத வேலை.
தோளில் ஏதோ காணாமல் போனதுபோல இருந்தது சில நாள்.

பதினேழாம் நாள் துப்பினேன்.
வெறும் வெள்ளை நுரை.
ஆறு நாலாகுமா என்பதைப் பார்க்க
மூன்று மாசம் ஆகும் என்கிறாள் ஷிஃபானா.
இறங்கிய ஈறு திரும்ப ஏறாது,
அதையும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள்.

நேற்று ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை.
காலையில் சார்ஜ் செத்துக் கிடந்தது.
பழைய பிரஷைத் தேடி எடுத்தேன்.
குழாயடியில் குடத்தை இறக்கிவிட்டு
"இன்னா, சத்தமே காணோம்?" என்றாள் சுகிர்தா.
வாய் நிறைய நுரை.
கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்,
நகத்தில் முந்தின நாள் படகின் துரு.